பாதியில் படிப்பை விட்டவர்களை ஆய்வு செய்வது: என் ஆய்வுத் திட்டம் உருவான விதம்

வேலைக்குப் போய்க்கொண்டே, குழந்தைகளைப் பார்த்துக்கொண்டே தொலைநிலைக் கல்வியில் டிகிரி சேருபவர்கள் ஏன் பாதியில் நிற்கிறார்கள் என்பதுதான் என் பிஎச்.டி. தலைப்பு. சினாப்சிஸுக்கு (ஆய்வுத் திட்டச் சுருக்கம்) என் ஆய்வை மேற்பார்வையிடும் டாக்டோரல் கமிட்டி ஒப்புதல் கொடுத்துவிட்டது. இந்தப் பக்கம் ஆய்வு செய்ய வருகிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

இடைநிற்றல் என்றாலே அமெரிக்க ஆய்வாளர் வின்சென்ட் டின்டோவின் 1975 கட்டுரையைத்தான் முதலில் படிக்கச் சொல்வார்கள். படிப்போடும் கல்லூரி மனிதர்களோடும் ஒட்டிக்கொண்ட மாணவர் தங்குவார், ஒட்டாதவர் போய்விடுவார் என்பது அதன் சாரம். ஹாஸ்டலில் இருக்கும் பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு இது சரி. ஞாயிற்றுக்கிழமை காண்டாக்ட் கிளாஸுக்கு (தொலைநிலை மாணவர்களுக்கு நேரில் நடக்கும் வகுப்பு) வந்துவிட்டு நைட் டூட்டிக்கு ஓடுகிற நர்ஸுக்கு ஒட்டிக்கொள்ள அங்கே யார் இருக்கிறார்கள்? ஜான் பீனும் பார்பரா மெட்ஸ்னரும் 1985-இல் இப்படிப்பட்ட மாணவர்களுக்கென்றே ஒரு விளக்க மாதிரியை (model) முன்வைத்தார்கள்: பணம், வேலை நேரம், குடும்பப் பொறுப்பு, வெளியிலிருந்து கிடைக்கும் ஊக்கம் போன்றவைதான் இவர்கள் தங்குவதை அதிகம் பாதிக்கின்றன என்பது அதன் சாரம். நான் இதையே அடித்தளமாக வைத்துக்கொண்டேன்.

அதிக நாள் இழுத்தது ‘யார் நின்றவர்’ என்ற கேள்விதான். இக்னோவில் (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) மூன்றாண்டு பி.ஏ.வை ஆறு ஆண்டு வரை முடிக்கலாம். இரண்டாம் ஆண்டுக் கட்டணம் கட்டாத பெண் படிப்பை விட்டுவிட்டாரா, இல்லை பிரசவத்துக்காகத் தள்ளி வைத்திருக்கிறாரா? பதிவேட்டைப் பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். அதனால் அதிகபட்சக் காலம் முடிந்துபோன அட்மிஷன் ஆண்டுகளை மட்டும் எடுத்தேன். எந்தக் கட்டத்தில் அதிகம் பேர் கழன்றுகொள்கிறார்கள் என்பதைக் கடைசியாகத் தேர்வு எழுதிய பருவத்தை வைத்துப் பார்க்கப்போகிறேன்.

அப்புறம், நின்றவர்களை மட்டும் கேட்டால் போதாது. அதே ஸ்டடி சென்டர், அதே ஆண்டு, அதே மாதிரி வேலை, குடும்பம் உள்ள, ஆனால் படிப்பை முடித்தவர்களையும் கேட்க வேண்டும். முடித்தவர்களிலும் பாதிப் பேர் ஷிப்ட் வேலையில் இருந்தால், ஷிப்டை மட்டும் காரணம் காட்ட முடியாது.

பைலட்டில், அதாவது சிலரிடம் மட்டும் நடத்திப் பார்த்த முன்னோட்ட ஆய்வில், “ஏன் நிறுத்தினீங்க?” என்று கேட்டால் எல்லாரும் “நேரமில்லைங்க” என்றார்கள். அது பொய்யில்லை, ஆனால் அதை வைத்து எந்தப் பல்கலைக்கழகமும் எதையும் மாற்ற முடியாது. “கடைசியா எந்த அசைன்மென்ட் எழுதினீங்க, அதுக்கப்புறம் என்ன ஆச்சு?” என்று மாற்றினேன். ஏற்றுமதி கம்பெனியில் தையல் வேலை பார்க்கும் ஒரு அக்கா சொன்னார்: “எழுதி முடிச்சு பீரோ மேல வச்சிருந்தேன் மேடம். சென்டர்ல நேர்ல கொடுக்கணும்னாங்க, கம்பெனில லீவு தரல. தேதி போயிடுச்சு.” எழுத அவருக்கு நேரம் இருந்திருக்கிறது, கொண்டுபோய்க் கொடுக்கத்தான் வழியில்லை. வினாநிரலில் இந்தக் கேள்வியை இப்போது முதலில் வைத்திருக்கிறேன்.

ஆய்வில் பங்கேற்பவர்களுக்குத் தீங்கு வராதா என்று பார்த்து அனுமதி தரும் நெறிமுறைக் குழுவுக்கு எழுதும்போது போன் எண்ணைப் பற்றிக் கட்டாயம் யோசியுங்கள். விண்ணப்பத்தில் இருக்கும் எண் பல பெண்களுக்குக் கணவருடையதோ அண்ணனுடையதோதான். படிப்பை விட்டது வீட்டில் தெரியாமலும் இருக்கலாம். அதனால் முதல் செய்தியைப் பல்கலைக்கழகமே அனுப்பும், அதில் ‘படிப்பு அனுபவம் பற்றிய ஆய்வு’ என்று மட்டும் இருக்கும், சம்மதித்தவர்களின் எண் மட்டுமே என்னிடம் வரும். வேறு யாராவது எடுத்தால் விஷயத்தைச் சொல்லாமல் வைத்துவிட வேண்டும். இதனால் கிடைக்கும் ஆட்கள் குறைவார்கள் என்று கமிட்டியில் சொன்னார்கள். குறையட்டும், இதில் நான் விட்டுக்கொடுக்கவில்லை.