செம்பைத் தூக்கும் கை

ஐசியூவில் பத்து நாள் கிடந்த பெரியவர் வார்டுக்கு வந்ததும், "எப்ப நடப்பாரு?" என்றுதான் வீட்டார் கேட்பார்கள். வார்டில் எழுந்து நடக்கப் பழக்கும் எங்கள் பார்வை முதலில் கைக்குப் போகும். தண்ணீர்ச் செம்பைத் தானே வாய்க்குக் கொண்டுபோகிறாரா? மகள் இட்லியைப் பிட்டு ஊட்டிக்கொண்டிருந்தால் அது நடக்காது. பாசம்தான், ஆனால் படுக்கையில் கரைந்த தசைக்கு வேலை வேண்டும். முழங்கைக்கடியில் தலையணை வைத்து, முதல் நாலு வாயை அவரே எடுக்கட்டும். செம்பில் பாதித் தண்ணீர் போதும். வென்டிலேட்டருக்காகத் தொண்டையில் போட்ட டியூபை எடுத்தவருக்கு விழுங்குவதைச் சோதித்த பிறகே எதையும் வாயில் கொடுக்கலாம். நிமிர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டு, அரைமணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும்.

தஞ்சாவூர்ப் பக்கம் நோயாளி என்றால் கஞ்சிதான். 50 கிலோ எடைக்கு நாளுக்கு 60 கிராம் புரதமாவது வேண்டும்; ஒரு முட்டையில் இருப்பதே ஆறு கிராம். கஞ்சியோடு பயறு, தயிர், மீன் சேரட்டும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளவை டாக்டர் சொல்ல வேண்டும்.

எழுப்பும்போது கையைப் பிடித்து இழுப்பார்கள், தோள்மூட்டு போய்விடும். ஒருக்களித்துப் படுக்கவைத்து, கால்களைக் கீழே தொங்கவிட்டு, முழங்கையை ஊன்றி எழ வைக்க வேண்டும். உட்கார்ந்ததும் இரண்டு மூன்று நிமிடம் கணுக்காலை ஆட்டட்டும். பிறகு பிரஷர் பார்ப்போம். படுத்திருந்தபோது இருந்ததைவிட மேல் அளவு 20 இறங்கினாலோ தலை சுற்றினாலோ நிற்கவைக்காமல் படுக்கவைத்து டாக்டரிடம் சொல்லிவிடுவோம். பாதம் தரையில் முழுசாகப் பதியாத உயரக் கட்டிலிலிருந்து ஊன்றி எழுவது கஷ்டம். பாதத்தைப் பின்னிழுத்து, நெஞ்சு முழங்காலுக்கு மேல் வரும்வரை குனிந்தால்தான் இடுப்பு தூக்கும்.

ராத்திரியில் "இது எந்த ஊரு?" என்று குழம்புகிறவரின் கண்ணாடியும் காது மெஷினும் பெரும்பாலும் வெளியே மருமகள் கையிலுள்ள மஞ்சப்பையில்தான் இருக்கும்.

வார்டின் வழவழத் தரையில் நடந்துவிட்டால் போதாது. கும்பகோணம், மயிலாடுதுறைப் பக்கத்துப் பழைய வீடுகளில் திண்ணைப் படி, நிலைப்படி, கொல்லைக் கோடியில் கக்கூஸ். டிஸ்சார்ஜுக்கு முன்பே வீட்டாரிடம் போனில் படம் கேட்போம், படி உயரத்தை இஞ்ச் டேப்பால் அளந்துவரச் சொல்வோம். அதே உயரப் பலகையில் வார்டிலேயே பழக்கலாம்: ஏறும்போது பலமான கால் முன்னே, இறங்கும்போது பலவீனமான கால். குளிக்க, காலடியில் ரப்பர் போட்ட நாற்காலி. வெறும் பிளாஸ்டிக் கால் ஈரச் சிமெண்டில் நழுவும். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்ற தமிழக அரசுத் திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருவார். அதற்குப் பதிந்துவிட வேண்டும். வேட்டிக்குப் பதில் கணுக்காலுக்கு மேல் நிற்கும் மூட்டிய கைலி. ராத்திரி எழுவதற்கு டார்ச்சைத் தலையணைக்கடியில் வைத்தால் தேடிக்கொண்டிருப்பார். டார்ச்சைக் கட்டில் காலில் கயிறு போட்டுக் கட்டிவிடுங்கள்.