மாதா குஜ்ரி: சிர்ஹிந்துக்கு முந்தைய எண்பது ஆண்டுகள்

பஞ்சாபின் சிர்ஹிந்த் என்றாலே உயிரோடு சுவருக்குள் வைத்துக் கட்டப்பட்ட இரண்டு சிறுவர்களைத்தான், சீக்கியர்களின் பத்தாம் குரு கோபிந்த் சிங்கின் இளைய மகன்களைத்தான், எல்லோரும் சொல்வார்கள். அதே நாளில் உயிர்நீத்த அவர்களுடைய பாட்டி பல கட்டுரைகளில் ஒற்றை வரியோடு சரி. அந்தப் பிள்ளைகளுக்கு அவ்வளவு நெஞ்சுறுதி எங்கிருந்து வந்தது என்று தேடினால், மாதா குஜ்ரியிடம்தான் போய் நிற்க வேண்டும்.

1624-இல் ஜலந்தர் பக்கத்துக் கர்தார்பூரில் பிறந்தவர். பாகிஸ்தானில் உள்ள கர்தார்பூர் வேறு ஊர். 1633-இல் தேக் பகதூரோடு திருமணம். மாமனாரும் சீக்கியர்களின் ஆறாம் குருவுமான ஹர்கோபிந்த் 1644-இல் மறைந்தபின், இருபது ஆண்டுகள் பகாலா கிராமத்தில் கணவரோடும் மாமியார் நானகியோடும் எளிய வாழ்க்கை. 1664-இல் கணவர் ஒன்பதாம் குருவானார். 1666-இல் பாட்னாவில் மகன் கோபிந்த் பிறந்தபோது குஜ்ரிக்கு நாற்பது வயது தாண்டியிருந்தது. குரு அப்போது கிழக்கே பயணத்தில் இருந்தார்.

1675 நவம்பரில் டெல்லி சாந்தினி சவுக்கில் அவுரங்கசீப்பின் ஆணைப்படி குரு தேக் பகதூரின் தலை வெட்டப்பட்டது. மகனுக்கு ஒன்பது வயதுகூட நிறையவில்லை. இளம் குருவை வளர்த்து, குருவின் இருப்பிடமான அனந்தபூரின் காரியங்களையும் சரியவிடாமல் பார்த்துக்கொண்டவர்கள் குஜ்ரியும் அவருடைய சகோதரர் கிர்பால் சந்தும். என் பார்வையில் அவர் வாழ்வின் பெரும்பணி இதுதான். கணவரைப் பறிகொடுத்த துயரத்தை அச்சமாக மகனிடம் அவர் கடத்தவில்லை.

இளைய பேரன்கள் ஜோராவர் சிங், ஃபதே சிங் இருவரின் தாய் மாதா ஜீதோ 1700-இல் இறந்துவிட்டார். அதனால் அவர்கள் பாட்டியின் கைப்பிள்ளைகள். 1704 டிசம்பரில் (சில நூல்கள் 1705 என்கின்றன) முகலாயப் படைகளின் நீண்ட முற்றுகைக்குப் பின், பாதுகாப்பாகப் போகலாம் என்ற வாக்கை நம்பி அனந்தபூரை விட்டு வெளியேறினார்கள். வாக்கு மீறப்பட்டது. வெள்ளம் புரண்ட சர்சா ஆற்றங்கரையில் குடும்பம் சிதறியது. மூத்த பேரன்கள் இருவரும் சம்கோரில் போரிட்டு மடிந்தார்கள். பாட்டியையும் சிறுவர்களையும் முன்பு சமையல்காரராக இருந்த கங்கு தன் ஊருக்கு அழைத்துப்போய், மொரிண்டா அதிகாரிகளிடம் காட்டிக்கொடுத்தார்.

சிர்ஹிந்த் ஆளுநர் வசீர் கான் அவர்களை அடைத்த இடம் தண்டா புர்ஜ் என்ற கோபுரம். கோடை வெம்மைக்கு இதமாக, நீரோட்டத்தை ஒட்டிக் கட்டப்பட்டது. பஞ்சாபின் மார்கழிக் குளிரில் அங்கே இரவைக் கழிப்பதே ஒரு தண்டனை. மோதி ராம் மெஹ்ரா என்பவர் உயிரைப் பணயம் வைத்து மூவருக்கும் பால் கொண்டுபோய்க் கொடுத்தார் என்பது மரபு. தினமும் விசாரணைக்குப் போகுமுன் தாத்தாவின் முடிவைச் சொல்லி, மதம் மாற இணங்காதீர்கள் என்று பேரன்களைத் தயார்படுத்தி அனுப்பினார் பாட்டி. சிறுவர்களுக்காகக் குரல் கொடுத்தவர் மாலேர்கோட்லா நவாப் ஷேர் முகமது கான். அந்த நன்றியைச் சீக்கியர்கள் இன்றும் மறக்கவில்லை. பலன்தான் இல்லை. பேரன்கள் கொல்லப்பட்ட அன்றே கோபுரத்தில் பாட்டியின் உயிரும் பிரிந்தது. தகனத்துக்கான நிலத்தை வணிகர் தோடர் மல் பொற்காசுகளைத் தரையில் பரப்பி விலைக்கு வாங்கினார் என்கிறது மரபு.

சிர்ஹிந்தில் இந்த நினைவிடங்கள் உள்ள ஃபதேகர் சாகிப் போகிறவர்கள் பெரும்பாலும் முதன்மைக் குருத்வாராவோடு திரும்பிவிடுகிறார்கள். மீண்டும் எழுப்பப்பட்ட புர்ஜ் அதே வளாகத்தில்தான் இருக்கிறது. தகனம் நடந்த ஜோதி சரூப் குருத்வாரா சுமார் 1 கிலோமீட்டர் தள்ளி. அங்கே தரைத்தளத்தில் மாதா குஜ்ரிக்கென்றே தனியாக வெண்பளிங்கு மண்டபம் உண்டு. டிசம்பர் கடைசியில் இவர்களின் நினைவாக நடக்கும் ஜோர் மேளாவுக்குப் பெருங்கூட்டம் திரளும். நிதானமாகப் பார்க்க வேண்டுமென்றால் அந்த நாட்களைத் தவிர்த்துவிடுங்கள்.