ரம்புத்தான் கவாத்து: கத்தரி எடுக்கும் முன் கயிறு கட்டுங்கள்

கோலாலம்பூரில் பனிக்காலமும் இல்லை, ரம்புத்தான் இலையை மொத்தமாக உதிர்ப்பதும் இல்லை. மரம் மொட்டையாகட்டும், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால் நடக்காது. கழிக்க வேண்டிய கிளைகளுக்குப் பழம் தொங்கும்போதே குறி வைத்துவிட வேண்டும். பறித்து முடித்த பிறகு எல்லாம் ஒரே பச்சை. எது காய்த்தது, எது சும்மா நின்றது என்று தெரியாது.

குறிக்கு ராஃபியா கயிறு போதும். சிவப்புக் கட்டினால் அடியோடு எடுப்பது, மஞ்சள் என்றால் நுனியை மட்டும் குறைப்பது. சாக்கட்டி ஒரு சாயங்கால மழைக்குத் தாங்காது. கயிற்றைக் கழிந்து விழப்போகும் பக்கத்தில்தான் கட்ட வேண்டும். நிற்கும் பக்கத்தில் கட்டி மறந்துவிட்டால், கிளை பருக்கப் பருக்கக் கயிறு பட்டைக்குள் இறங்கி நெரிக்கும்.

இதற்கு இரண்டு பேர் வேண்டும். ஏணியில் நிற்பவருக்குக் கைக்கெட்டும் கிளை மட்டுமே தெரியும். கீழே இருப்பவர் மரத்தைச் சுற்றி வந்து சொல்ல, மேலே இருப்பவர் கட்டட்டும். முசுறு எனும் கடிக்கும் சிவப்பெறும்பின் கூடு இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டு ஏறுங்கள்.

பட்ட கிளையிலிருந்து தொடங்குங்கள். நகத்தால் சுரண்டினால் உள்ளே பச்சை தெரியாது, காய்ந்த பழுப்புதான் இருக்கும். துளையும் மரத்தூளும் தெரிந்தால் உள்ளே புழு, அதற்கும் சிவப்பு. ஒன்றோடொன்று உரசும் கிளைகளில் தண்டிலிருந்து அகலமாக விரிந்ததை வைத்துக்கொண்டு மற்றதைக் கட்டுங்கள். நடுவில் நெட்டுக்குத்தாகக் கிளம்பும் போத்துகள் கடைசி.

இப்போது தள்ளி நின்று மொத்தமாகப் பாருங்கள். சிவப்பெல்லாம் போனால் தழையில் கால் பங்குக்கு மேல் குறையும் என்று தோன்றினால், சிலவற்றை அவிழ்த்து அடுத்த வருடத்துக்குத் தள்ளுங்கள். ரம்புத்தான் பூப்பது முற்றிய தளிரின் நுனியில். ஒரேயடியாகக் கழித்தால் மரம் போத்தாக வெடிக்கும், அடுத்த பருவத்தில் பழத்தைத் தேட வேண்டியதுதான். நிழலிலேயே இருந்த பட்டையில் திடீரென்று வெயில் பட்டு வெடிப்பதும் உண்டு.

காய்த்த நுனிகளுக்கு மஞ்சள். பழைய குலைக்காம்புக்குக் கீழே 15 முதல் 20 செ.மீ. விட்டு வெட்டினால் போதும். பறித்த சில வாரங்களுக்குள் இதை முடித்தால்தான் புதுத் தளிர் முற்ற நேரம் கிடைக்கும்.

மணிக்கட்டுப் பருமனுக்கு மேற்பட்ட கிளைக்கு மட்டும் மூன்று குறி. தண்டிலிருந்து 30 செ.மீ. தள்ளி, அடிப்பக்கம் மூன்றில் ஒரு பங்கு ஆழத்துக்கு அறுக்க ஒன்று. அதற்கு 5 செ.மீ. வெளியே, மேலிருந்து முழுதாக அறுக்க ஒன்று. மீதிக் கட்டையை எடுக்க, கிளை பிறக்கும் இடத்தில் மோதிரம்போல் புடைத்திருக்கும் அடிவீக்கத்தை ஒட்டி, அதன் வெளிப்பக்கம் மூன்றாவது. அந்த வீக்கத்திலிருந்துதான் காயம் மூடும். அதைச் சீவிவிட்டாலும் கெடுதல், கட்டையை நீட்டி விட்டாலும் அழுகல். முதல் அறுப்பைத் தவிர்த்தால் கிளை தன் பாரத்தில் சரியும்போது தண்டுப் பட்டையையும் உரித்துக்கொண்டு போகும். பாராங் வெட்டுக்கத்தியால் கொத்த வேண்டாம், கைரம்பம் எடுங்கள். காயத்தில் தாரும் பூச வேண்டாம். ஈரம் உள்ளே சிக்கிக்கொள்ளும்.

மின்கம்பியை ஒட்டிப் போகும் கிளையைத் தொடவே வேண்டாம், மின்சார நிறுவனமான தெனாகா நேஷனலுக்குச் சொல்லிவிடுங்கள்.