இலையுதிர்ந்த பிராம்லி

லண்டனின் வடமேற்குப் புறநகரான ஹாரோவில் நாங்கள் குடியிருப்பது 1930களில் கட்டப்பட்ட வீடு. அதன் கொல்லையில், முன்பு இங்கே வாழ்ந்தவர்கள் வைத்து வளர்த்த பிராம்லி ஆப்பிள் மரம் ஒன்று நிற்கிறது. வீட்டுக்கு வருகிற உறவினர்களும் நண்பர்களும் அது பூத்திருக்கும்போது பார்க்கவே ஆசைப்படுகிறார்கள். அந்த ஆசையில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் இந்த மரத்தின் முழு அழகும் இலை உதிர்ந்து வெறுங்கிளையாக நிற்கும் மார்கழி, தை மாதங்களில்தான் கண்ணுக்குப் புலப்படுகிறது என்பது என் கட்சி.

பூவை முதலில் சொல்லிவிடுகிறேன், அதைக் குறைத்துப் பேசுவதாக யாரும் நினைத்துவிடக் கூடாது. சித்திரை பிறந்து ஒன்றிரண்டு வாரங்களில் மொட்டுகள் அடர்ந்த இளஞ்சிவப்பாகத் திரள்கின்றன. ஒரு கொத்தில் ஐந்தாறு பூக்கள் இருந்தாலும் எல்லாம் ஒன்றாக மலர்வதில்லை. நடுவில் இருக்கும் பூ முதலில் விரிகிறது, சுற்றியிருப்பவை அதன் பின்னர் விரிகின்றன. இதழின் உட்புறம் ஏறக்குறைய வெள்ளையாகவும் வெளிப்புறம் சிவப்புச் சாயலோடும் இருப்பதால், பாதி மலர்ந்த கொத்து ஒன்றில் கருஞ்சிவப்பிலிருந்து வெள்ளை வரை எல்லாப் படிநிலைகளையும் ஒரே நேரத்தில் பார்க்கலாம். முழுதும் மலர்ந்த மரத்தைவிட அந்த அரைகுறை நாட்களே எனக்கு உயர்வாகப் படுகின்றன. முழுதும் மலர்ந்துவிட்டால் மரம் வெறும் வெள்ளைதான்.

பூத்தால் மட்டும் காய்த்துவிடாது. ஆப்பிள் வகைகள் பெரும்பாலும் தம் மகரந்தத்தைத் தாமே ஏற்பதில்லை. பிராம்லிக்கோ கூடுதல் சிக்கல் ஒன்று உண்டு. சாதாரண ஆப்பிளில் 34 குரோமோசோம்கள் இருக்க, இதில் மூன்று தொகுதிகளாக 51 இருப்பதால் இதன் மகரந்தம் பிற மரங்களுக்கும் அவ்வளவாகப் பயன்படாது. எங்கள் மரம் காய்ப்பது, தெருவோரம் நிற்கும் காட்டு ஆப்பிள் மரத்தின் தயவாலும் அங்கிருந்து வேலி தாண்டி வரும் தேனீக்களின் தயவாலும்தான். கொல்லை நமக்கே உரியது என்ற நினைப்புக்கு இது நல்ல மறுப்பு.

காய்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஜூன் கடைசியிலும் ஜூலையிலும் மரமே தன்னால் தாங்க முடியாத பிஞ்சுகளை உதிர்த்துவிடுகிறது. மிஞ்சியவை தட்டையாக, பச்சையாக, கைக்கு அடங்காத அளவுக்குப் பருக்கின்றன. அப்படியே கடித்துத் தின்ன முடியாத புளிப்பு. இந்நாட்டவர் சர்க்கரை சேர்த்து வேகவைத்து உண்கிறார்கள். நாங்கள் மாங்காய்க்குப் பதிலாக இதைப் பொடியாக நறுக்கி, மிளகாய்ப்பொடியும் வெந்தயப்பொடியும் பெருங்காயமும் சேர்த்து, நல்லெண்ணெயில் கடுகு தாளித்து ஊறுகாய் போடுகிறோம். தரையில் விழுந்து அழுகியவற்றை ரெட் அட்மிரல் வண்ணத்துப்பூச்சிகளும், குளிர் முற்றிய பிறகு பிளாக்பேர்ட் பறவைகளும் காலி செய்கின்றன.

கடைசி இலையும் விழுந்த பிறகு மரத்தின் அமைப்பு வெளிப்படுகிறது. அடிமரம் இடுப்பளவு உயரத்தில் நான்கு பெருங்கிளைகளாகப் பிரிந்து, நடுப்பகுதி வெற்றிடமாக, வாயகன்ற கிண்ணத்தின் வடிவில் நிற்கிறது. இது இயற்கை தந்த வடிவம் அன்று; வெயிலும் காற்றும் உட்கிளைகளுக்குச் சென்று சேர வேண்டும் என்பதற்காக, கன்றாக இருந்த காலத்திலேயே யாரோ நடுக்குருத்தை வெட்டி, அதன்பின் ஆண்டுதோறும் குளிர்காலத்தில் கவாத்து செய்து உருவாக்கியது. வெட்டுப்பட்ட இடங்களில் பட்டை வளையமாகப் புடைத்து மூடியிருக்கிறது. சில வெட்டுகள் கிளையின் அடியை ஒட்டிக் கச்சிதமாக விழுந்திருக்கின்றன. சில, அவசரக்காரர் ஒருவரின் வேலையாக இருக்க வேண்டும், குட்டையான முளைகளாக நீட்டிக்கொண்டு உலர்ந்துபோயிருக்கின்றன. முகம் அறியாத அந்த மனிதர்களின் பொறுமையையும் பொறுமையின்மையையும் கிளைகளிலேயே படிக்க முடிகிறது. வடக்குப் பக்கத்துப் பட்டையில் சாம்பல் பச்சையும் மஞ்சளுமாக, பாசி போலத் தோன்றும் லைக்கன் படர்ந்திருக்கிறது. மழை பெய்து நனைந்ததும் அந்த நிறங்கள் இரண்டும் பளிச்சென்று துலங்குகின்றன.

இன்னும் நெருங்கிப் பார்த்தால் மற்றொன்றும் தெரியும். கணுக்கணுவாக முறுக்கிய குறுங்கிளைகளின் நுனியில் பருத்து மென்ரோமம் போர்த்த மொட்டுகள் இருக்கின்றன. நீண்ட இளங்கிளைகளில் மெலிந்த மொட்டுகள் பட்டையோடு ஒட்டிக் கிடக்கின்றன. பருத்தவை பூமொட்டுகள், மெலிந்தவை இலைமொட்டுகள். வரும் சித்திரையின் பூக்கள் கடந்த கோடையிலேயே இந்த மொட்டுகளுக்குள் உருவாகத் தொடங்கிவிட்டவை. அவை விழித்தெழுவதற்குப் பல நூறு மணி நேரக் குளிர் தேவைப்படுகிறது. ஆகவே வெறுங்கிளை என்று நான் மேலே எழுதியதுகூட அவ்வளவு பொருத்தமன்று.

இந்த மரத்தைப் பார்க்கும்போது வேறொரு கொல்லையும் நினைவுக்கு வருகிறது. நாட்டிங்காம்ஷயரில் உள்ள சவுத்வெல் என்ற சிற்றூரில், 1809இல் மேரி ஆன் பிரெய்ல்ஸ்ஃபோர்டு என்ற பெண் ஆப்பிள் விதைகளை ஊன்றினார். அவற்றில் ஒன்று முளைத்து மரமாயிற்று. ஆப்பிள் விதை தாய்மரத்தைப் போன்ற பிள்ளையைத் தருவதில்லை என்பதால் அது உலகில் அதுவரை இல்லாத மரம். 1846இல் அந்த வீட்டை மேத்யூ பிராம்லி என்ற இறைச்சிக் கடைக்காரர் வாங்கினார். 1856இல் நாற்றுப்பண்ணைக்காரரான ஹென்றி மெரிவெதர், வேறு செடியில் ஒட்டி வளர்ப்பதற்காக அம்மரத்திலிருந்து ஒட்டுக்குச்சி எடுக்க அனுமதி கேட்டபோது, தன் பெயரையே பழத்துக்கு வைக்க வேண்டும் என்று பிராம்லி நிபந்தனை விதித்தார். நட்டவள் பெயர் போய், வாங்கியவர் பெயர் நிலைத்தது எனக்கு இன்றளவும் ஒப்பவில்லை. 1900ஆம் ஆண்டுப் புயலில் சாய்ந்த அந்தத் தாய்மரம், விழுந்த நிலையிலேயே மீண்டும் துளிர்த்து எழுந்தது. பிராம்லி என்று எங்கு நின்றாலும் அது ஒட்டு வழியாகப் பெருகிய அந்த ஒரே மரத்தின் கிளைதான். எங்கள் கொல்லையில் நிற்பதும் அப்படியே.

எனவே லெஸ்டரில் குடியிருக்கும் நண்பர் கன்று கேட்டபோது கடைக்கு அனுப்ப மனம் வரவில்லை. தை மாதத்தில் பென்சில் பருமனுள்ள ஓராண்டுக் குச்சிகளை வெட்டிக் கட்டாக்கி, நிழலான சுவரோரத்தில் ஈர மணலில் புதைத்து வைத்திருக்கிறேன். மார்ச்சில், அவருடைய சிறிய தோட்டத்துக்கு ஏற்றவாறு மரத்தை அதிகம் உயர விடாத எம் 26 என்ற குட்டை வேர்ச்செடியில் ஒட்டுக் கட்டுவதாகத் திட்டம். மகரந்தத்துக்குத் துணைமரம் ஒன்று அருகில் வேண்டும் என்று எழுதியிருந்தேன். பக்கத்து வீட்டில் காக்ஸ் என்ற வேறு வகை ஆப்பிள் மரம் இருக்கிறது, ஆனால் அதன் சொந்தக்காரர் அதை வெட்டிவிடும் எண்ணத்தில் இருக்கிறார் என்று பதில் வந்திருக்கிறது. இப்போது நண்பர் அவரிடம் பேசிக்கொண்டிருக்கிறார்.