இடது கிராங்க் 140 மில்லிமீட்டர்

1979-இல் நாங்கள் நால்வர் சேர்ந்து ஒரு சைக்கிள் கட்டினோம். கழித்துப் போட்ட பாகங்களைப் பொறுக்கி, ஒரே ஓர் ஆளின் உடம்புக்கு அளவெடுத்துக் கட்டியது. பள்ளியின் பழைய மாணவர் சங்க மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று சங்கச் செயலாளர் கேட்டதும் பரிசளிப்பு விழாவும் விளையாட்டுப் போட்டியும் பின்னால் போய்விட்டன. அந்தச் சைக்கிள்தான் முன்னால் வந்து நின்றது.

அந்த ஓர் ஆள் எங்கள் வகுப்பில் முன்வரிசையில் இருந்தவன். பெயரைப் போடாதே என்று சொல்லியிருக்கிறான். எங்கள் வகுப்பாருக்கு யாரென்று தெரியும். சின்ன வயதில் வந்த போலியோவால் அவனுடைய இடது கால் மெலிந்து, வலது காலைவிட ஏறத்தாழ 3 சென்டிமீட்டர் குட்டையாக இருந்தது. எங்கே போனாலும் எங்களில் ஒருவனின் கேரியரில்தான் வருவான். ஒருநாள் இறங்கி நின்றுகொண்டு, “இனிமேல் என்னை ஏற்ற வேண்டாம். எனக்கும் மிதிக்க வேண்டும்” என்றான். அதற்கு முன் அவன் எங்களிடம் எதையும் கேட்டதில்லை.

முதலில் சீட்டைத் தாழ்த்திப் பார்த்தோம். இடது கால் எட்டியது, ஆனால் வலது முழங்கால் நெஞ்சுவரை மடங்கி வலித்தது. சீட்டை உயர்த்தினால் வலது கால் சுகமாகச் சுற்றும். இடது பாதமோ கீழே போகும்போது பெடலை விட்டுவிடும். பெடலில் மரக்கட்டை வைத்துக் கட்டினோம். இரண்டு சுற்றுக்குள் கட்டை புரண்டு அவன் விழுந்தான். முழங்கையில் தோல் உரிந்ததைத் துடைத்துக்கொண்டு அவன் மறுபடி ஏறியது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.

எங்கள் உலோக வேலை ஆசிரியர் இதையெல்லாம் பட்டறை வாசலில் நின்று பார்த்திருக்கிறார். “காலை நீட்ட முடியாது. கிராங்கைக் குறைக்கலாமே?” என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். அந்த ஒரு கேள்வியில் எங்களுக்கு எல்லாம் திறந்தது. பெடலை நடு அச்சோடு இணைக்கும் இரும்புக் கைதான் கிராங்க். பெரிய சைக்கிளின் கிராங்க் 170 மில்லிமீட்டர். சிறுவர் சைக்கிள் ஒன்றிலிருந்து கழற்றி அளந்த கிராங்க் 140. இடது பக்கம் மட்டும் அதைப் பூட்டினால், பெடல் கீழே வரும்போது 30 மில்லிமீட்டர் மேலேயே நின்றுவிடும். அவனுடைய காலில் குறைவாக இருந்ததும் அந்த 3 சென்டிமீட்டர்தானே!

சிறுவர் சைக்கிளின் கிராங்க் பெரிய சைக்கிளின் அச்சிலேயே சரியாக உட்கார்ந்தது எங்கள் அதிர்ஷ்டம். ஆனால் அதை இறுக்குவது காட்டர் பின். இளையவர்கள் பலர் அதைப் பார்த்திருக்க மாட்டார்கள். ஒரு பக்கம் சரிவாக ராவிய சிறிய இரும்பு ஆப்பு அது; கிராங்கின் துளை வழியாக அடித்து இறக்கினால் அச்சை நெருக்கிப் பிடித்துக்கொள்ளும். ஒரு பக்கப் பின் மேலிருந்து கீழே போனால் மறு பக்கப் பின் கீழிருந்து மேலே வர வேண்டும். அது தெரியாமல் இரண்டையும் ஒரே திசையில் இறக்கினோம். பெடல்கள் ஒன்றுக்கொன்று நேரெதிரில் நிற்காமல் கோணிக்கொண்டு நின்றன. கழற்றி மறுபடி அடித்தோம்.

அந்த வேலையில் நடந்த இன்னொன்றைச் சொல்லாமல் விட முடியாது. காட்டர் பின் அடிக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவன் கிராங்குக்கு அடியில் கனமான இரும்புக் குழாயை முட்டுக் கொடுத்துப் பிடிக்க வேண்டும், இல்லையென்றால் அடியெல்லாம் உள்ளே அச்சைத் தாங்கும் இரும்புக் குண்டுகளிலும் அவை உருளும் கோப்பையிலும் போய் விழும். மற்றவன் சுத்தியலை ஓங்கி அடிக்க வேண்டும். அந்த நேரத்தில் எனக்கும் எங்கள் நால்வரில் ஒருவனுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. பரீட்சைத்தாள் விஷயமாக நான் அவனைச் சந்தேகப்பட்டுப் பேசியிருந்தேன். தவறு என்னுடையது. இரண்டு மாதமாக ஒரே பட்டறையில், ஒரே சைக்கிளைச் சுற்றி நின்றும் முகம் பாராமல் வேலை செய்தோம். அன்று மற்ற இருவரும் வரவில்லை. அவன் குழாயை எடுத்து முட்டுக் கொடுத்துவிட்டு, “அடி” என்றான். என் சுத்தியல் அவன் கட்டைவிரலுக்கு ஓர் அங்குலம் தள்ளி இறங்க வேண்டும். கை நடுங்கியது. “அடியடா, நான் பிடித்திருக்கிறேன்” என்றான். மூன்றே அடியில் பின் இறங்கிவிட்டது. அப்புறம் நாங்கள் பேசாமல் இருந்ததே இல்லை. மன்னிப்பு என்ற சொல்லை இருவரும் சொன்னதில்லை.

இடது பெடலை வலது பெடல்போலத் திருகி மரையைக் கெடுக்கப் பார்த்ததும் நான்தான். இடது பெடலின் மரை எதிர்மரை. மிதிக்க மிதிக்கத் தானே கழன்றுவிடாமல் இருக்க அப்படி வெட்டியிருக்கிறார்கள். ஆசிரியர் கோபிக்காமல் மரையைத் திருத்திக் கொடுத்தார்.

சக்கரங்களை அவனே கட்டினான். முன்னுக்கு 32 கம்பி, பின்னுக்கு 40. ஒவ்வொரு கம்பியும் மூன்று கம்பிகளைக் குறுக்கே கடந்து ரிம்முக்குப் போக வேண்டும். சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப்பிலிருந்து நேராகப் போகாமல் இப்படிச் சாய்ந்து போகும் கம்பிக்கு 1874-இல் ஜேம்ஸ் ஸ்டார்லி காப்புரிமை பெற்றார் என்று ஆசிரியர் கரும்பலகையில் படம் போட்டு விளக்கினார். செயின் இழுக்கும் முறுக்கம் ரிம்முக்குப் போய்ச் சேருவது அந்தச் சாய்வால்தான். எங்களுக்குப் படம் விளங்கியது, கை விளங்கவில்லை. அவனுக்கு இரண்டும் விளங்கின. கோட்டம் எடுக்கும்போது நாங்கள் ரிம்மைக் கண்ணால் பார்ப்போம். அவன் கம்பியை விரலால் சுண்டிக் காதால் கேட்பான். ஒரே பக்கத்துக் கம்பிகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே ஒலி தரும்வரை கம்பியின் முனையை இறுக்கும் நிப்பிளைக் கால் சுற்று, கால் சுற்றாகத் திருகுவான். கேரியரில் உட்கார்ந்து வந்தவன் எங்கள் எல்லோருக்கும் சக்கரம் கட்டித் தருபவன் ஆனான். கடைசி வருடத்தில் ஆசிரியர்களின் சைக்கிள்கள்கூட அவனிடம் வந்தன.

முதல் ஓட்டத்தில் அவன் மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றினான். பிறகு இன்னொரு சுற்று. நாங்கள் கூப்பிடக் கூப்பிட நிற்கவே இல்லை.

பள்ளி முடிந்து நான்கு பேரும் நான்கு நாடுகளில். கடிதங்களில் குடும்பச் செய்தி இரண்டு வரி, மீதியெல்லாம் செயின் வளையத்தின் பல் எண்ணிக்கையும் கம்பியின் நீளமும். பெண்சாதி பிள்ளைகள் பார்த்துச் சிரிப்பார்கள். ஆனால் ஒருவன் வேலை இழந்திருந்த காலத்தை நான் அறிந்ததே, அவன் மூன்று மாதமாக எந்த அளவும் கேட்டு எழுதாததால்தான்.

இப்போது மறுபடி அவனுக்காக ஒன்று கட்டுகிறோம். வயதான முழங்காலுக்கு கியர் வேண்டும். ஸ்டர்மி ஆர்ச்சர் ஏ.டபிள்யூ. மூன்று கியர் ஹப் ஒன்று எனக்குக் கிடைத்தது. அதன் உடலில் செய்த ஆண்டை அச்சடித்திருப்பார்கள். துருவைத் தேய்த்தபோது 62 என்று தெரிந்தது. நாங்கள் பிறந்த ஆண்டு! உடனே படம் எடுத்து மூவருக்கும் அனுப்பினேன். அதன் நடு கியர் நேரடி ஓட்டம், பின் பல்சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் சக்கரமும் ஒரு சுற்று; ஒன்றாம் கியரில் சக்கரம் அதில் முக்கால் பங்குதான் சுற்றும். முன்னே 46 பல், பின்னே 18 பல் போட்டால் நடு கியரில் ஒரு முழு மிதிக்குச் சுமார் 5.3 மீட்டர் போகும், ஒன்றாம் கியரில் 4 மீட்டர். ஏற்றத்துக்கு அது போதும் என்று அவனே கணக்குப் பார்த்துச் சொன்னான். இடது கிராங்க் இந்த முறையும் 140 தான்.

முன் சக்கரத்தை நான் கட்டினேன். அவன் வீடியோ அழைப்பில் இருந்தான். “போனை ரிம்முக்குக் கிட்ட வை மச்சான். ஒவ்வொன்றாகச் சுண்டு.” சுண்டினேன். பாதிச் சுற்றில் நிறுத்தினான். “இப்போது சுண்டியது தளர்வு. கால் சுற்று ஏற்று.” நான் கண்ணால் பார்த்து நேராக இருக்கிறது என்று நினைத்த இடம் அது. ஏற்றிவிட்டு மறுபடி சுண்டினேன். “ம், இப்போது சரி” என்றான்.

பின் சக்கரம்தான் நிற்கிறது. முதலில் 26 அங்குலம் என்று போட்டிருந்த ரிம் ஒன்றை வாங்கி ஏமாந்தேன். 26 என்ற பெயரில் பல அளவுகள் உண்டு. எங்களுக்கு வேண்டியது டயர் உட்காரும் இடத்தில் விட்டம் 590 மில்லிமீட்டர், வந்தது 559. அடுத்து 590 கிடைத்தது, அதில் கம்பிகளுக்கு 36 துளை. ஹப்பில் 40.

அதனால் இந்த மலரை வாசிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பின்பக்கத்தில் பழைய மூன்று கியர் சைக்கிள் ஏதாவது கிடந்தால், பின் சக்கரத்தின் கம்பிகளை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். 40 இருந்து, டயரில் 26 × 1 3/8 என்று போட்டிருந்தால், எறிந்துவிடாமல் சங்கத்துக்குச் சொல்லுங்கள். துருப்பிடித்திருந்தாலும் பரவாயில்லை. எவ்வளவு தூரமானாலும் நான் வந்து எடுத்துக்கொள்கிறேன்.