ரேக்கைப் பின்பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும்

மேடை ஒலியமைப்புத் தொழிலுக்குப் புதிதாக வரும் தம்பிகளை நான் உடனே, மைக்குகளின் ஒலியைக் கலக்கும் மிக்சர் அருகே விடுவதில்லை. குடோனில் நிற்கும் ரேக்குகளின், அதாவது ஒலிக்கருவிகளை அடுக்கித் திருகிப் பொருத்திய பெட்டிகளின், பின்கதவைத் திறந்துவிட்டு, உள்ளே ஓடும் ஒயர்களை விரலால் தொட்டுக்கொண்டே போய், எது எங்கே கிளம்பி எங்கே முடிகிறது என்று சொல்லச் சொல்வேன். முன்பக்கம் பார்த்தால் எல்லா ரேக்கும் ஏறக்குறைய ஒன்றுதான்: கறுப்புத் தகடுகள், பச்சையும் சிவப்புமாகச் சிறு விளக்குகள். கட்டியவருக்கு வேலை தெரியுமா தெரியாதா என்பதைப் பின்பக்கம்தான் சொல்லும்.

மதுரையில் இருந்துகொண்டு தென்மாவட்டங்களிலும் டெல்டாப் பகுதியிலும் கோயில் திருவிழா, தேவாலயத் திருவிழா, கச்சேரி, கல்லூரி விழா என்று ஒலி அமைத்துக் கொடுப்பது என் தொழில். எங்கள் வட்டத்தில் பேச்செல்லாம் ஸ்பீக்கரையும் மிக்சரையும் சுற்றியே இருக்கும். யார் புதிதாக எந்த மாடல் வாங்கினார், எத்தனை வாட்ஸ் என்பதே விசாரிப்பு. அவற்றைச் சுமந்துபோகும் பெட்டியைப் பற்றி விசாரிப்பவர் குறைவு. ஆனால் வண்டி வந்து நின்ற நிமிடத்திலிருந்து முதல் ‘ஹலோ’ ஒலிக்கும்வரை நடப்பதில் பாதியை அந்தப் பெட்டிதான் தீர்மானிக்கிறது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

நான் உதவியாளனாகச் சேர்ந்த காலத்தில் எங்கள் முதலாளியிடம் ரேக் என்று எதுவும் கிடையாது. ஆம்ப்ளிஃபையர்கள் பழைய போர்வை சுற்றித் தனித்தனி மரப்பெட்டிகளில் வரும். மேடைக்குப் பின்னால் ஒரு மேசை கேட்டு வாங்கி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவோம். நான்கு ஆம்ப் என்றால் ஒவ்வொன்றுக்கும் இரண்டு உள்ளீடு, இரண்டு ஸ்பீக்கர் இணைப்பு, ஒரு மின் ஒயர். ஆக இருபது இணைப்புகள். ஒலியைத் தாழ்ந்தது, உயர்ந்தது என்று பிரிக்கும் கிராஸ்ஓவரும் அதைச் சீராக்கும் ஈக்வலைசரும் சேர்ந்தால் இன்னும் கூடும். இத்தனையையும் இருட்டத் தொடங்கிய பிறகு, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, விழாக் கமிட்டியார் “மைக் தயாரா?” என்று தலைக்கு மேல் நின்று கேட்டுக்கொண்டிருக்க, செய்து முடிக்க வேண்டும். மறுநாள் வேறு ஊர், மறுபடி முதலிலிருந்து. இணைப்பு மாறிப்போவதும் ஒரு பக்க ஸ்பீக்கர் பேசாமல் நிற்பதும் ஆளின் திறமைக் குறைவால் வருவதல்ல. களைத்துப்போன கைகளிடம், வெளிச்சமில்லாத இடத்தில், அந்த வேலையை ஒப்படைத்ததால் வருவது.

ரேக் செய்கிற காரியம் ஒன்றுதான். அந்த இருபது இணைப்புகளையும் குடோனில் பகல் வெளிச்சத்தில் ஒருமுறை செய்து, கட்டி, சோதித்து, மூடிவிடுகிறது. களத்துக்கு மிஞ்சுவது பின்தகட்டில் இருக்கும் சில சாக்கெட்டுகள் மட்டும்: மின்சாரத்துக்கு ஒன்று, மிக்சரிலிருந்து வரும் சிக்னலுக்கு இடதும் வலதுமாக இரண்டு, ஸ்பீக்கர்களுக்குப் போகும் ஸ்பீக்கான் சாக்கெட்டுகள். மின்சாரம், சிக்னல், ஸ்பீக்கர் என்று ஒவ்வொரு வகையும் வேறு வேறு வடிவம் என்பதால் ஒரு வகையை இன்னொரு வகையில் தவறியும் செருக முடியாது. நேற்று வேலைக்கு வந்த பையன்கூடப் பதற்றமில்லாமல் மாட்டிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவான்.

ரேக்கின் உள்ளே கருவிகளைத் தாங்கும் சட்டத்தின் அளவு நூறாண்டுப் பழமையானது. அமெரிக்கத் தொலைபேசி நிலையங்களில் கருவிகளை வரிசையாகப் பொருத்துவதற்காக உருவானது. முன்தகட்டின் அகலம் 19 அங்குலம், அதாவது 482.6 மி.மீ. உயரத்தை ‘யு’ கணக்கில் சொல்கிறோம். ஒரு யு என்பது 1.75 அங்குலம், 44.45 மி.மீ. அந்தக் கருவிகள் போய்விட்டன, அளவு மட்டும் மாறவில்லை. ஜப்பானிலும் ஜெர்மனியிலும் சீனாவிலும் செய்த கருவிகள், மதுரையில் எங்கள் தச்சர் அங்குல டேப்பை வைத்து அளந்து செய்த பிளைவுட் பெட்டியில் ஒரு மில்லிமீட்டர் முரண்டு பிடிக்காமல் உட்காருகின்றன. ஒவ்வொரு முறை புதிய கருவியைத் தள்ளிப் பொருத்தும்போதும் எனக்கு இது உள்ளபடியே மகிழ்ச்சி தருகிறது.

கருவிகளைத் திருகுவதற்காகச் சட்டத்தில் இருக்கும் துளைகளின் இடைவெளி மட்டும் புதியவர்களைக் குழப்பும். அவை சம தூரத்தில் இல்லை. 15.875, 15.875, 12.7 மி.மீ. என்று மாறி மாறி வரும். மூன்றும் சேர்ந்தால் ஒரு யு. குறுகிய இடைவெளியின் நடுவில்தான் ஒரு யு முடிந்து அடுத்தது தொடங்குகிறது. இது தெரியாமல் ஒரு துளை தள்ளிப் பொருத்தினால், சில சமயம் அந்தக் கருவி சரியாக உட்கார்ந்ததுபோலத் தெரியும். அதற்கு மேலே வரவேண்டியது மூன்றில் ஒரு பங்கு இடம் இல்லாமல் நிற்கும். சென்ற ஆண்டு சேர்ந்த ஒரு தம்பி, சதுரத் துளைக்குள், திருகைப் பிடித்துக்கொள்ளும் கேஜ் நட்டின் ஒரு காதை நுழைத்து, மறு காதை ஸ்க்ரூடிரைவர் நுனியால் அமுக்கி, அது உள்ளே விழும் சத்தம் கேட்டதும் நிமிர்ந்து சிரிப்பான். எட்டு நட்டும் போட்ட பிறகு தகட்டை வைத்துப் பார்த்தான், பொருந்தவில்லை. நான் ஒன்றும் சொல்லவில்லை. அவனே குனிந்து, துளைகளை விரலால் எண்ணி, குறுகிய இடைவெளியைக் கண்டுபிடித்தான். அதன் பிறகு அவன் கட்டிய எந்த ரேக்கையும் நான் திரும்ப அளந்து பார்த்ததில்லை.

வீட்டுக்குள் ஓரிடத்தில் நிற்கும் ரேக்குக்கும் ஊர் ஊராகப் போகும் ரேக்குக்கும் உள்ள வித்தியாசம் சாலையில்தான் தெரியும். பழைய டிரான்ஸ்ஃபார்மர் வகை ஆம்ப் ஒன்று 25 முதல் 30 கிலோ. அதை, முன்தகட்டின் இரு ஓரமும் நீட்டியிருக்கும் காதுகளில் நான்கு திருகுகளை மட்டும் நம்பித் தொங்கவிட்டால், குண்டும் குழியுமான சாலையில் ஒவ்வொரு குலுக்கலும் காதை வளைக்கும். பின்பக்கத்திலும் தாங்கு கோணம் வேண்டும். திருகுகளுக்கு அடியில் நைலான் வாஷர் போட்டால் அதிர்வில் சீக்கிரம் தளராது. ஒயரை இறுக்கமாக இழுத்துக் கட்டக்கூடாது. கனெக்டருக்கு அருகில் சிறு வளைவு விட்டுக் கட்ட வேண்டும், இல்லையென்றால் அதிர்வு நேராகச் சால்டரைத் தாக்கும். மென்மையான கருவிகளுக்கு உள்சட்டத்தை நுரைமேல் மிதக்கவிட்ட இரட்டைப் பெட்டி நல்லது. பெட்டி பெரிதாகும், விலையும் கூடும். டிஜிட்டல் கருவிகளுக்கு நான் அதில் கணக்குப் பார்ப்பதில்லை.

எங்கள் ரேக்குகளில் எனக்கு மிகவும் பிடித்தது எந்த ஒலிக்கருவியும் இல்லாத ஒன்று. பவர் ரேக். மூன்று ஃபேஸ் இணைப்பு உள்ளே வரும். சிவப்பு, மஞ்சள், நீலம் என்று மூன்று வோல்ட் மீட்டர்கள், பிரேக்கர்கள், மின்கசிவைத் துண்டிக்கும் சாதனம், வோல்ட்டேஜ் அளவு மீறினால் தானாக விட்டுவிடும் ரிலே, அது விட்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் பெரிய சுவிட்சான காண்டாக்டர். காரைக்குடிப் பக்கம் ஒரு திருவிழாவில் நாகஸ்வரக் கச்சேரி நடுவே அந்தக் காண்டாக்டர் ‘டப்’ என்று விழுந்தது. ஆம்ப்கள் அணைந்தன. ரேக்கின் மீட்டரில் நீல ஃபேஸ் முந்நூறைத் தாண்டி நின்றது. பந்தலுக்குத் தற்காலிகமாக இழுத்திருந்த இணைப்பில், மூன்று ஃபேஸுக்கும் பொதுவான திரும்பு ஒயரான நியூட்ரல் கழன்றிருந்தது.

இது எவ்வளவு ஆபத்து என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். மூன்று ஃபேஸிலும் சுமை ஒருபோதும் சமமாக இருக்காது. நியூட்ரல் உறுதியாக இருக்கும்வரை ஒவ்வொன்றும் 230 வோல்ட் அருகே நிற்கும். அது அறுந்தால் சுமை மிகுந்த ஃபேஸில் வோல்ட்டேஜ் இறங்கும், சுமை குறைந்த ஃபேஸில் 400 வோல்ட்டை நோக்கி ஏறும். மேடையில் சுமை மிகுந்தவை ஆம்ப்களும் விளக்குகளும். மிகக் குறைவாக இழுப்பவை மிக்சரும் ஒயர்லெஸ் மைக் ரிசீவர்களும். ஆக, எரியும் முறை வரும்போது நுட்பமான கருவிகள்தான் முதலில் போகும். அன்று எதுவும் போகவில்லை. மிக்சர் ரேக்கில் சிறிய யுபிஎஸ் இருந்ததால் மிக்சர் அணையக்கூட இல்லை. ஜெனரேட்டருக்கு மாற்றி, மீட்டர் மூன்றையும் பார்த்துவிட்டு ஆம்ப்களுக்கு மின்சாரம் கொடுத்தோம். தவில் ஓயவே இல்லை. ஒலிபெருக்கி இல்லாமலே வாசித்துக்கொண்டிருந்தார்கள். கமிட்டியார் சிறு தடங்கல் என்று நினைத்து மறந்துவிட்டார்கள். பவர் ரேக் என்றோ ஒருநாள் செய்யும் இந்த வேலைக்காக அதை எல்லா ஊருக்கும் சுமந்துபோக வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு என் பதில் ஆம்.

வெப்பத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. சில ஆம்ப்கள் முன்பக்கம் காற்றை இழுத்துப் பின்னால் விடும். சில பின்னால் இழுத்து முன்னால் விடும். இரண்டு வகையையும் ஒரே பெட்டியில் அடுக்கினால் ஒன்றின் சூட்டை மற்றொன்று குடிக்கும். கத்திரி வெயிலில், தகரக் கொட்டகைக்கு அடியில், அது நெடுநேரம் தாங்காது. காலி இடங்களை வெற்றுத் தகட்டால் மூடச் சொல்வதும் அழகுக்காக அல்ல, வெளியேறிய சூடான காற்று சுற்றிக்கொண்டு மீண்டும் முன்னால் வராமல் இருப்பதற்காக. கடற்கரை ஊர்கள் தனிப் பாடம். வேளாங்கண்ணியில் ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை திருவிழா. அந்த நாட்களில் விசிறிகள் இழுப்பது உப்புக் காற்று. சாதாரண இரும்புத் திருகில் சில நாட்களிலேயே துரு தெரியும். கடலோர வேலைக்குப் போகும் பெட்டிகளில் ஸ்டெயின்லெஸ் திருகு மட்டும்தான் போடுகிறோம். திரும்பி வந்ததும் ஃபில்டர் நுரையைக் கழற்றிக் கழுவி, கனெக்டர்களைத் துடைத்த பிறகே அடுத்த வேலை.

இவற்றையெல்லாம் புத்தகத்திலும் விளக்கக் கையேட்டிலும் கற்றுக்கொள்ளலாம். கனத்தைப் பற்றி எனக்குக் கற்றுக்கொடுத்தவர் எங்களிடம் நெடுநாளாக இருக்கும் லோடுமேன் அண்ணன் ஒருவர். புதிய ரேக் பட்டறையிலிருந்து வந்ததும் அவர் முன்பக்கம் பார்க்க மாட்டார். குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒரு பக்கக் கைப்பிடியில் நான்கு விரல்களையும் நுழைத்து, பெட்டியை ஓரங்குலம் மட்டும் தூக்கி, அப்படியே சில நொடி பிடித்திருப்பார். பிறகு அடுத்த பக்கம். ஒருமுறை அப்படித் தூக்கிப் பார்த்துவிட்டு, “தம்பி, கனம் மேலே இருக்கிறது. படியேற்றும்போது கீழே பிடிக்கிறவன் நெஞ்சில் சாயும்” என்றார். அலங்காரத்துக்காகக் கண்ணுக்கு நேராக வைத்திருந்த ஆம்ப்கள் அன்றே அடித்தட்டுக்கு இறங்கின.

நான்கு பழைய ஆம்ப்களும் பெட்டியும் சேர்ந்தால் 130 கிலோவைத் தாண்டும். நான்கு பேர் வேண்டும், சக்கரம் இருந்தாலும் கோயில் பிராகாரத்தின் கல்லிலும் திருச்செந்தூர் மணலிலும் அது உருளாது. இப்போது வரும் டி வகை ஆம்ப்கள் பல, ஒன்று 10 அல்லது 12 கிலோதான். நாங்கள் மாற்றியதற்கு ஒலித்தரம் ஒரு காரணம். இரண்டே பேர் தூக்கலாம் என்பது அதைவிடப் பெரிய காரணம். இந்தத் தொழிலில் ஐம்பது வயதைத் தாண்டிய லோடுமேன்களில் இடுப்பு வலி இல்லாதவரை நான் பார்த்ததில்லை. ஸ்பீக்கருக்கு லட்சக்கணக்கில் செலவழிக்கும் முதலாளிகள், நல்ல கைப்பிடிக்கும் நல்ல சக்கரத்துக்கும் தச்சரிடம் பேரம் பேசுவதைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருகிறது.

பெட்டியின் வெளியளவையும் வண்டியை வைத்தே முடிவு செய்கிறோம். எங்களுக்கு வண்டி என்றால் பெரும்பாலும் குட்டி யானைதான். அதன் தொட்டி சுமார் ஏழடி நீளம், ஐந்தடிக்குச் சற்றுக் குறைந்த அகலம். 60 செ.மீ. அகலப் பெட்டிகள் இரண்டு பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். மிஞ்சிய இடத்தில் ஸ்டாண்டுக் கட்டு படுக்கும். பெட்டிக்குப் பெட்டி உரசாமல், கயிறு ஒரே இழுப்பில் கட்டுப்படும். வெளிநாட்டுத் தமிழ்ச் சங்க நிகழ்ச்சிகளுக்குப் போகும் சிறிய ரேக்குக்கு வேறு கணக்கு: பெரும்பாலான விமான நிறுவனங்கள் 32 கிலோவுக்கு மேற்பட்ட ஒற்றைப் பெட்டியை லக்கேஜாக ஏற்பதில்லை. அதனால் அது பிளைவுட்டை விட்டு, பிளாஸ்டிக் வார்ப்புப் பெட்டிக்கு மாறிவிட்டது.

இப்போது தச்சரிடம் புதிய வேலை ஒன்று கொடுத்திருக்கிறோம். ஒயர்லெஸ் ரிசீவர்கள், மேடை மைக் ஒயர்கள் வந்து சேரும் ஸ்டேஜ் பாக்ஸ், யுபிஎஸ் மூன்றையும் ஒரே 12 யு பெட்டியில் அடைப்பதா, இரண்டு 6 யு பெட்டிகளாகப் பிரிப்பதா என்று குடோனில் பல நாள் விவாதம். ஒரே பெட்டி என்றால் களத்தில் செய்ய வேண்டிய இணைப்பு ஒன்று குறையும். நான் அந்தப் பக்கம் நின்றேன். யுபிஎஸ் பேட்டரியின் கனம் தனியாகப் போனால் சபாக்களின் குறுகிய மாடிப்படியில் யாருக்கும் சிரமமில்லை என்பது லோடுமேன் அண்ணனின் வாதம். கூடுதலாக ஒரே ஒரு மின் ஒயர் மாட்டுவது பெரிய வேலையல்ல என்று தம்பிகளும் அவரோடு சேர்ந்துகொண்டார்கள். இரண்டாகவே செய்யச் சொல்லிவிட்டேன். அளவுத் தாள் பட்டறைக்குப் போய்விட்டது. கைப்பிடியின் உயரத்தை மட்டும் தாளில் எழுதவில்லை. அதை அவரே வெள்ளிக்கிழமை நேரில் போய்த் தச்சருக்குக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறார்.