சாவி அவர்களிடம், கேமரா எங்களிடம்

நேபாளத்தில் ஐ.நா.வின் ஆயுதக் கண்காணிப்பாளராக இருந்தேன் என்று சொன்னால், பலரும் கேட்கும் முதல் கேள்வி: “உங்களுக்கு என்ன துப்பாக்கி கொடுத்தார்கள்?” எதுவும் கொடுக்கவில்லை. சீருடையும் கிடையாது. வந்தவர்கள் எல்லோரும் பல நாட்டு ராணுவத்தினர், சிலர் பணியில் இருப்பவர்கள், சிலர் ஓய்வு பெற்றவர்கள். சாதாரண உடையில், வெறுங்கையோடு போய் நின்றோம்.

அரசுக்கும் மாவோயிஸ்ட்களுக்கும் நடந்த பத்தாண்டு உள்நாட்டுப் போர் 2006 நவம்பர் அமைதி ஒப்பந்தத்தோடு முடிந்தது. 2007 ஜனவரியில் பாதுகாப்பு மன்றத்தின் 1740ஆம் தீர்மானம் எங்கள் பணிக்குழுவை அமைத்தது. மாவோயிஸ்ட் போராளிகள் ஏழு முதன்மை முகாம்களிலும் அவற்றைச் சுற்றிய 21 துணை முகாம்களிலும் தங்கினார்கள். அவர்களின் துப்பாக்கிகளைப் பதிவு செய்து, முதன்மை முகாம்களில் கன்டெய்னர்களுக்குள் அடுக்கிப் பூட்டினோம். பூட்டின் சாவி மாவோயிஸ்ட் தரப்பிடமே இருந்தது. எங்களிடம் இருந்தவை கேமரா, சைரன், இரவு விளக்குகள், பதிவேடு. அதே எண்ணிக்கையில் ராணுவத்தின் ஆயுதங்களும் காத்மாண்டுவின் சௌனி பாசறையில் பூட்டப்பட்டன. அந்தச் சாவி ராணுவத்திடம்.

புதிதாக வந்த எந்தக் கண்காணிப்பாளருக்கும் இது கேலிக்கூத்தாகத்தான் படும். திறந்து எடுத்துக்கொண்டு போனால் யார் தடுப்பது? தடுக்க முடியாது, எழுதத்தான் முடியும். ஆனால் இந்தப் போரில் யாரும் தோற்கவில்லை. சாவியையும் கொடு என்று கேட்டிருந்தால் ஒரு துப்பாக்கிகூட உள்ளே வந்திருக்காது என்பது என் எண்ணம். பதிவானவை 3,475. போர் நிறுத்தத்துக்கு முன்பே சேர்ந்தவரா, அப்போது 18 வயது ஆனவரா என்று பார்த்த சரிபார்ப்பில் தேறிய போராளிகளோ 19,602 பேர். மீதி ஆயுதம் எங்கே என்று காத்மாண்டுவில் கேட்காத ஆளில்லை. நியாயமான கேள்விதான். பதிவானதைத்தான் எங்களால் எண்ண முடியும்.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது கூட்டுக் கண்காணிப்பு ஒருங்கிணைப்புக் குழு. தலைமை ஐ.நா.வுக்கு, துணைத் தலைவர்கள் ராணுவத்திலிருந்து ஒருவர், மாவோயிஸ்ட் படையிலிருந்து ஒருவர். போரில் எதிரெதிரே நின்றவர்கள் ஒரே மேசையில் உட்கார்ந்து புகார் பேசினார்கள். ஆரம்பத்தில் ஒவ்வொரு வாக்கியமும் எங்கள் முகத்தைப் பார்த்துத்தான் வரும். அப்புறம் அவர்களே நேராகப் பேசிக்கொள்ளத் தொடங்கினார்கள், சில சமயம் எங்களை மறந்தேவிட்டு. நாங்கள் தேவைப்படாத அந்த நேரங்களைத்தான் நான் வெற்றியாக எண்ணினேன்.

முகாமுக்கு வெளியே வேறு கதை. மாவோயிஸ்ட்கள் கட்டாய நன்கொடை கேட்கிறார்கள், பறித்த நிலத்தைத் திருப்பித் தரவில்லை என்று ஊர்க்காரர்கள் வருவார்கள். எங்கள் அதிகாரம் இரண்டு படைகளின் ஆயுதங்களோடும் ஆட்களோடும் முடிந்தது. ஐ.நா.வின் மனித உரிமை அலுவலகம் தனியாக இருக்கிறது, அங்கே சொல்லுங்கள் என்று வழிகாட்டுவோம். ஐ.நா. என்று எழுதிய வண்டியில் வந்து இறங்கியவன் இப்படிச் சொன்னால் கேட்பவருக்கு எப்படி இருக்கும்?

தேர்தலையும் நாங்களே நடத்தினோம் என்று பலர் நினைக்கிறார்கள். நடத்தியது நேபாளத் தேர்தல் ஆணையம். எங்கள் பணிக்குழு தொழில்நுட்ப உதவி செய்தது. இரண்டு முறை தள்ளிப்போய், 2008 ஏப்ரல் 10 அன்று அரசியல் நிர்ணய சபைக்கு வாக்குப்பதிவு நடந்தது. தேர்ந்தெடுக்க வேண்டிய 575 இடங்களில் 220 மாவோயிஸ்ட்களுக்கு. ஆகஸ்டில் அவர்கள் தலைவர் பிரசண்டா பிரதமரானார். அவருடைய போராளிகள் முகாம்களிலேயே இருந்தார்கள், அவர் அரசின் கீழுள்ள ராணுவத்தின் ஆயுதங்களும் சௌனியில் அப்படியே இருந்தன. நாங்கள் இரண்டுக்கும் காவல்!

ஓராண்டுக்கு என்று வந்த பணி 2011 ஜனவரி 15 வரை நீண்டது. நாங்கள் கிளம்பியபோது போராளிகளின் எதிர்காலம் முடிவாகவில்லை. பிறகு சுமார் 1,400 பேர் ராணுவத்தில் சேர்ந்தார்கள். பெரும்பாலோர் 5 முதல் 8 லட்சம் நேபாள ரூபாய் வாங்கிக்கொண்டு விலகினார்கள். ஆனால் சரிபார்ப்பில் தகுதியில்லை என்று 2010இல் அனுப்பப்பட்ட 4,008 பேருக்கு அந்தப் பணம் இல்லை. படிப்பு, தொழிற்பயிற்சி போன்ற வாய்ப்புகள்தான். அவர்களில் 2,973 பேர் 18 வயதுக்குள் படையில் இருந்தவர்கள். சிறுவயதில் துப்பாக்கி தூக்கியவருக்குக் கையில் குறைவாகக் கொடுத்தனுப்பிய அந்தக் கணக்கு எனக்கு இன்றும் சரியாகப் படவில்லை.